ஆழம் பதினாறு

ரெண்டு தட்டுவடைக்கு நடுவே
கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி.
"மேலே இருக்கறதத்தான் முதல்ல எடுக்க முடியும்,
இதுக்கு மேல விளக்கம் வேணுமா?" என்றாள் ஜெசிந்தா.
அம்மாப்பேட்டைத் தள்ளுவண்டியில் அது முதல் சந்திப்பு.
செட்டை அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.
ரெஜிஸ்டர் கட்சியின் பதில் அது.

அவள் ஏற்காட்டில் காபிக்கொட்டைக் கிடங்கில் கணக்கு.
நான் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசுகளுக்கு வைத்தியன்,
மில்லிகிராம் பிசகினால் போன் வரும்.
ஞாயிறுதோறும் மலையில் ஒரே வழக்கு:
ஒரு கணிப்பொறிக்கு எத்தனை கை வேண்டும்?

எட்டு ரெஜிஸ்டர், எட்டுக்கும் பெயர், என்பேன்.
பெயர் வைத்தால் ஞாபகமும் வைக்கணும், என்பாள்.
அடுக்கில் போடு. மேலே ரெண்டை எடு. கூட்டு. திரும்பப் போடு.
"மூணையும் நாலையும் கூட்டுன்னுதானே சொல்ற?
கூட்டு மூணை நாலைன்னு
என்னைக்காவது உன் வாயில வந்திருக்கா?
வினை கடைசியில வர்ற பாஷையில கடன் கேக்கற,
கோவிச்சுக்கற.
நிரல மட்டும் தலைகீழா எழுதுவேங்கற."
இதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பலகை அவள் கைவேலை. முப்பத்தொரு சில்லுகள்,
நீல ஒயர், மஞ்சள் ஒயர்.
ஐப்பசியில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து
சாக்கெட் கால்களில் பச்சை பூக்கும்;
பழைய டூத்பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் ஜன்னலோரம் தயார்.
அடுக்குகள் இரண்டு. ஒன்று எண்களுக்கு,
மற்றது திரும்பிவரும் வழிக்கு.
இரண்டுக்கும் ஆழம் பதினாறு.

"போதுமா?"
"பதினாறு படி ஆழமா யோசிக்கிற ஆள
நீ பாத்திருக்கியா?"
"உன் மலைப்பாதைக்கே இருபது கொண்டை ஊசி."
அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு அது சொன்னபடி கேட்கவில்லை.
'இரட்டி' சரி. 'மாத்து' சரி.
புதிதாய் அவள் எழுதிய 'சராசரி'க்குள் போனால்
போனது போனதுதான்.
எட்டு விளக்கும் எரிந்து, அசையாமல்.
கடிகாரத் துடிப்பை நிறுத்திவிட்டு
பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு படியாய் நடத்தினோம்.
நான் அவள் சாலிடரைச் சந்தேகித்தேன்.
அவள் நான் கொண்டுவந்த பவர் சப்ளையை.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று
முகம் பார்க்காமல் கிளம்பினேன்.

இருபது. பத்தொன்பது.
ஏறும்போது கடைசியாய்ப் பார்த்த பலகை
இறங்கும்போது முதலில்.
நின்றுகொண்டு வந்த ஒரு பெண்
ஒரு பை பேரிக்காயை என் மடியில் வைத்தாள்,
"ஒரு நிமிஷம் வெச்சிருங்க."
பன்னிரண்டாம் வளைவில் விசில். இறங்கிவிட்டாள்.
பை என் மடியில்.
ஜன்னல் வழியே கத்திக் கூப்பிட்டுக் கொடுத்து
உட்கார்ந்தபோதுதான் உறைத்தது:

'சராசரி'க்கு நடுவில் ஓர் எண்ணை
ஒரு நிமிஷத்துக்கு என்று
திரும்பும் அடுக்கின் மேல் வைத்திருக்கிறாள்.
எடுக்கவில்லை.
எந்திரம் வந்த வழி எதுவென்று பார்க்கிறது,
மேலே எண்தான் இருக்கிறது.
அதையே ஊர் என்று நம்பிப் போய்விட்டது, பாவம்.

போனில் கோடு இல்லை. பதினொன்று. பத்து. ஒன்பது.
சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே வந்தன.
சப்ளை பற்றி நீ சொன்னது நியாயம், அது அடியில்.
அதன் மேல், உன் சாலிடரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.
எல்லாவற்றுக்கும் மேல், பிழை இருக்கும் இடம்.

ஐந்தாம் வளைவில் ஒரு கோடு.
"ஜெசி, சராசரியில மூணாவது வரி, வெச்சத எடுக்கல நீ!"
"அடச்சே!"
விசைப்பலகைச் சத்தம். கெட்டில் விசில்.
"வந்துருச்சுடா. ஏழு காட்டுது."
"அப்புறம் உன் சாலிடர்..."
கோடு போய்விட்டது.

பதினாறு ஆழத்தில் இருபதைப் போட்டால்
பதினேழாவது வந்து முதலாவதின் தலையில் உட்காரும்.
ஐந்து வரை ஒழுங்காக இறங்கலாம்.
அதன் பிறகு நாலு கிடையாது,
மறுபடி இருபது வரும்.

கண்ணாடியைத் தள்ளி எட்டிப் பார்த்தேன்.
நாலு என்று எழுதிய பலகை நின்றது,
எந்த லாரியோ உரசி லேசாய்ச் சாய்ந்து.
அதற்கு அந்தப் பக்கம் சேலம், அத்தனை விளக்கோடும்.